ஒரு ஏக்கர் நவரைக்கு எத்தனை யூனிட்?

பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று மும்முனை மின்சாரம் பிரித்துக் கொடுக்கப்பட்ட ஆண்டுகளில், பொன்னேரி வட்டாரத்து வயல்களில் தை மாத இரவுகள் ஒரே மாதிரிதான் கழிந்தன. தவளைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். திடீரென்று மோட்டார் கொட்டகைக்குக் கொட்டகை ஸ்டார்ட்டர்கள் 'டக், டக்' என்று விழும். எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்ததால், கரன்ட் வந்த அதே நொடியில் ஊரிலுள்ள அத்தனை மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பும். வோல்டேஜ் படுத்துவிடும். டார்ச் லைட்டும் கையுமாக, பாம்புக்குப் பயந்தபடி வரப்பில் போய்ப் பார்த்தால், குழாயில் பாதி நீர்தான் விழுந்துகொண்டிருக்கும்.

அந்த வரப்பிலிருந்து கிழக்கே பார்த்தால் அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் தெரியும். 1994-லிருந்து 1996-க்குள் வட சென்னை அனல் மின் நிலையத்தில் 630 மெகாவாட் வந்தது. பிறகு அதன் இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட், வல்லூரில் 1,500 மெகாவாட். எல்லாமே இதே பொன்னேரி வட்டத்தில்தான். மூவாயிரம் மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தியாகும் இடத்துக்குப் பக்கத்து வயலில், 5 எச்.பி. மோட்டார் ஓட ராத்திரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விளக்குக்குக் கீழேதான் இருட்டு என்பார்கள்.

2021 ஏப்ரல் முதல் விவசாயத்துக்கு 24 மணி நேரமும் மும்முனை மின்சாரம் என்று அரசு அறிவித்தது. நேரப் பிரச்னை ஒருபக்கம் இருக்கட்டும். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் கேட்கும் இன்னொரு கேள்வி அதைவிடப் பெரியது. 'அப்பா காலத்தில் 3 எச்.பி. ஓடியது. அப்புறம் 5 ஆனது. இப்போது 7.5 போட்டும் பத்தவில்லை. நிலம் அதே 2 ஏக்கர்தான், பயிரும் அதே நெல்தான். பின்னே ஏன்?'

சால் தூக்கிய மாடு, சத்தமில்லாத மோட்டார்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்தப் பூமி ஏரிப் பாசனத்துக்குப் பேர் போனது. சம்பாவுக்கு ஏரி, சொர்ணவாரிக்கும் நவரைக்கும் கிணறு. அந்தக் கிணற்றில் ஏற்றமோ கவலையோ இருக்கும். ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கி ஏறி, நாள் முழுக்கச் சால் தூக்கினாலும் நனைவது கொஞ்ச நிலம்தான். ஆகவே நவரை வைப்பவர்கள் அளந்துதான் வைத்தார்கள். மாடு களைத்தால் பாசனம் நின்றது. கிணற்று நீர்மட்டத்துக்கு அதுவே காவலாகவும் இருந்தது.

ஆயில் இன்ஜின் அந்தக் காவலைக் கொஞ்சம் தளர்த்தியது. 1957-ல் மின்சார வாரியம் உருவாகி, ஊர் ஊராகக் கம்பம் நட்டபோது அது முழுதாக விலகியது. பம்ப்செட்டுக்கு இணைப்பு கொடுப்பதில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நின்றது. பசுமைப் புரட்சியின் குட்டை ரக நெல், உரம், மோட்டார் மூன்றும் சேர்ந்து வந்ததால் ஒருபோகம் விளைந்த இடத்தில் இரண்டு, மூன்று போகம் விளைந்தது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற நாடு அது.

அப்போது மின்சாரம் இலவசம் இல்லை. 1970-ல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனபோது, நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு நாட்டு விவசாயிகள் கிளம்பினார்கள். பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் 3 பேர் உயிரிழந்தார்கள். 1972-ல் கோவைச் சாலைகள் மாட்டு வண்டிகளால் அடைக்கப்பட்டன. அந்த ஆண்டுப் போராட்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது இந்த ரத்தத்தின் தொடர்ச்சி. 2003-ல் கட்டணம் மறுபடி எட்டிப் பார்த்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த கையோடு திரும்பப் பெறப்பட்டது. 'மீட்டர்' என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்நாட்டு விவசாயிக்கு ஏன் உடம்பு விறைக்கிறது என்பதற்கு இந்த வரலாறு போதும்.

ஆனால் மீட்டர் இல்லாததால் இன்னொன்றும் நடந்தது. எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது அரசுக்கும் தெரியவில்லை, விவசாயிக்கும் தெரியவில்லை. வாரியம் சில மாதிரி இணைப்புகளை அளந்து, மொத்தத்துக்கும் ஊகக் கணக்குப் போடுகிறது. அரசு மானியமோ எச்.பி. கணக்கில் போகிறது.

100 அடிக்கு 1,000 யூனிட்

மீட்டர் இல்லாவிட்டாலும் கணக்குப் போட முடியும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாற்று முதல் அறுவடை வரை சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை என்பது பாடப் புத்தகக் கணக்கு. அதாவது ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். நவரையில் மழை சொற்பம் என்பதால் இதில் பெரும்பகுதியைப் பம்ப்தான் கொடுக்க வேண்டும். ஊர்ப்புறத்தில் ஓடும் சாதாரண மோட்டார், வாங்கும் மின்சாரத்தில் 40 சதவிகிதத்தைத்தான் நீர் தூக்கும் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வருகிறது.

நீர் 30 அடியில் இருந்த காலத்தில் ஒரு ஏக்கர் நவரைக்கு சுமார் 300 யூனிட். 100 அடிக்கு இறங்கினால் சுமார் 1,000 யூனிட். 200 அடிக்கு இறங்கினால் 2,000. பயிர் மாறவில்லை, நிலம் மாறவில்லை, மூட்டையும் கூடவில்லை. ஆழம் மட்டும்தான் மாறியது. 3 எச்.பி. ஏன் 7.5 ஆனது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். மோட்டார் கம்பெனிக்காரனைத் திட்டிப் பயனில்லை.

1,000 யூனிட் என்றால் எவ்வளவு? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கிறதே, அதைப்போல பத்து மடங்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் உலைகளோடு ஒப்பிட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். ஒரு டன் இரும்பை மின் உலையில் உருக்க சுமார் 600 யூனிட் ஆகும். ஆக, 100 அடியிலிருந்து ஒரு ஏக்கர் நவரைக்கு இறைக்கும் மின்சாரத்தில் ஒன்றரை டன் இரும்பை உருக்கிவிடலாம். ஏக்கருக்கு 2 டன் நெல், அதில் 1,300 கிலோ அரிசி என்றால், சோற்றுப் பானைக்குள் போகும் ஒவ்வொரு கிலோ அரிசியும் முக்கால் யூனிட் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அதுவும் வயலில் இருக்கும்போதே.

வயலைத் தாண்டிய பிறகு? செங்குன்றம் அரிசி ஆலைகளில் எலிவேட்டர், பாலிஷர், கருப்பு அரிசியைக் கண்டுபிடித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் என்று ஏகப்பட்ட இயந்திரங்கள் ஓடுகின்றன. உலக்கையும் உரலும் இருந்த இடத்தில் ஹல்லர் வந்து, அதுவும் போய் இவை வந்தன. அப்படியும் ஒரு டன் நெல்லுக்கு ஆவது சில பத்து யூனிட்டுகள்தான். அவிப்பதற்கான சூட்டை உமியே கொடுத்துவிடுகிறது. பால் விஷயத்திலும் அப்படியே. கறந்த சூட்டோடு வரும் 1,000 லிட்டர் பாலைத் தொகுப்புக் குளிர்விப்பு மையத்தில் 4 டிகிரிக்குக் கொண்டுவர 15 யூனிட் அளவுக்குத்தான் தேவைப்படும். காக்களூர் ஆவின் பண்ணைக்குப் போகும் பால் கெடாமல் இருப்பதும், சாயங்காலப் பாலை வாங்க மாட்டேன் என்று சங்கத்தில் திருப்பி அனுப்பாமல் இருப்பதும் இந்தக் கொஞ்ச மின்சாரத்தால்தான்.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய இறால் பண்ணைகளின் கதை வேறு. அங்கே இரவெல்லாம் ஏரேட்டர் சக்கரம் சுற்றியாக வேண்டும். விடியற்காலைக்கு முன்னால்தான் குட்டையில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் கரன்ட் போய், ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் நான்கு மாத உழைப்பு சில மணி நேரத்தில் மிதந்துவிடும்.

கடைசியாக வீட்டு அடுப்படி. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பதிலாக விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அந்த மின்சாரத்தைப் பெண்களின் தோள்பட்டையைக் கேட்டுத்தான் மதிப்பிட வேண்டும். யூனிட் கணக்கு அங்கே வேண்டாம்.

ஆக, நெல்லின் பயணத்தில் ஆலையும் கிரைண்டரும் தின்பதைவிடக் கிணறு தின்பதுதான் அதிகம். அது வளர்ந்ததும் கிணற்றின் ஆழத்தால்தான்.

மீஞ்சூரில் நுழைந்த கடல்

ஆழம் கூடினால் மின்சாரம் மட்டும் செலவாவதில்லை என்பதை மீஞ்சூர் வட்டாரம் தன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணலுக்குக் கீழே நல்ல நீர் நிரம்பி இருந்தது. 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் நடந்த ஆய்வு அதை உறுதிசெய்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் 1969-ல் கிணற்று வயல்கள் அமைத்து, மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் நீர் இறைக்கத் தொடங்கினார்கள். அதே நீருக்கு விவசாயிகளின் மோட்டாரும் போட்டி போட்டது. ஆற்று மணலும் அள்ளப்பட்டது.

நிலத்தடியில் நல்ல நீர் நிறைந்து கடலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரைதான் கடல் தள்ளி நிற்கும். நல்ல நீர் இறங்கியதும் உப்பு நீர் உள்ளே நகர்ந்தது. தொடக்கத்தில் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உவர்நீர் எல்லை, அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் 10 கிலோமீட்டர் தாண்டியும் வந்துவிட்டது. தென்னை காய்ந்தது. நெற்பயிரின் நுனி கருகியது. மோட்டார் நன்றாகத்தான் ஓடியது, கரன்டும் இலவசம்தான். வந்த நீர்தான் பயிருக்கு ஆகவில்லை. 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வருவதற்குள் உப்பு முந்திக்கொண்டது.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை. சவ்வூடு பரவல் முறையில் கடல்நீரை நன்னீராக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும் என்பது உலகெங்கும் உள்ள பொதுக் கணக்கு. 30 அடிக் கிணற்றில் அதே 1,000 லிட்டரைத் தூக்க ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. ஐம்பது மடங்கு வித்தியாசம். முதலில் மின்சாரம் செலவழித்து நல்ல நீரைத் தீர்த்தார்கள். பிறகு அதைவிடப் பல மடங்கு மின்சாரம் செலவழித்து, சில மைல் தள்ளி, கடலிலிருந்து நல்ல நீர் எடுக்கிறார்கள்.

இதில் விவசாயியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 2000-களின் தொடக்கத்தில் வந்த வறட்சியிலும், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் வறண்டபோதும், சென்னைக் குடிநீருக்காக இந்த மாவட்டத்து விவசாயக் கிணறுகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. நெல்லை விற்பதைவிட நீரை விற்பது லாபமாக இருந்தது. விற்றவருக்குப் பணம். பக்கத்து நிலத்துக்காரருக்கு மட்டம் இறங்கிய கிணறு. குத்தகைக்கு உழுதவருக்கும் களை எடுக்கப் போனவருக்கும் அந்தப் போகத்தில் வேலையே இல்லை.

ஒரே கம்பியில் உலையும் வயலும்

2008 நவம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டுப்பாடு அமலானது. கும்மிடிப்பூண்டி உலைகளைப் போன்ற உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவிகித வெட்டு. அந்தக் கட்டுப்பாடு விலகப் பல ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் உலைக்காரர்கள் ஷிப்டை மாற்றினார்கள். வயல்காரர்கள் தூக்கத்தை மாற்றினார்கள். 'எங்களிடம் யூனிட்டுக்கு இவ்வளவு வாங்கி, அங்கே சும்மா கொடுக்கிறார்கள்' என்று தொழிற்சாலைக்காரர் சொல்வதும், 'எங்கள் நிலத்தை எடுத்துத்தானே சிப்காட் கட்டினீர்கள்' என்று விவசாயி சொல்வதும் டீக்கடையில் இன்றும் கேட்கக் கூடியவை. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

மின்சாரச் சட்டத் திருத்த மசோதா பற்றி 2020-ல் பேச்சு வந்தபோது, 'முதலில் பில் கட்டு, மானியம் பிறகு வங்கிக்கு வரும்' என்ற ஏற்பாடு வந்துவிடும் என்ற பயம் பரவியது. கேஸ் மானியம் போன வழியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகளின் கோரிக்கைகளில் அந்த மசோதாவைக் கைவிடுவதும் ஒன்று.

இலவசத்தை எடுக்காமலே அளக்க வழி உண்டா? பஞ்சாபில் 2018-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். விருப்பப்பட்டுச் சேரும் விவசாயிக்கு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒதுக்குவார்கள். பில் கிடையாது. ஒதுக்கியதில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். குஜராத்தில் அதற்கும் முன்பே, 2003-லிருந்து, ஊருக்குப் போகும் கம்பியையும் வயலுக்குப் போகும் கம்பியையும் பிரித்து, வயலுக்கு நாளுக்கு 8 மணி நேரம் முழு வோல்டேஜில் கொடுத்தார்கள். மோட்டார் எரிவது குறைந்தது. குஜராத் ஏற்பாட்டில் கிணறு இல்லாதவர்களுக்கு, பக்கத்துக் கிணற்றில் நீர் விலைக்கு வாங்கிப் பயிர் வைத்தவர்களுக்கு, நஷ்டமும் வந்தது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பஞ்சாப் வழி தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் என்றே தோன்றுகிறது. ஆனால் 'இந்த மீட்டர் என்றைக்கும் பில் ஆகாது' என்று எழுதிக் கொடுக்கும் அரசு வேண்டும். அந்த எழுத்தை நம்பும் விவசாயியும் வேண்டும்.

டிரம்மும் கடிகாரமும்

அரசு முடிவு எடுக்கும் வரை தன் மோட்டாரைத் தானே அளந்துகொள்ள ஒரு 200 லிட்டர் டிரம்மும் கைக்கடிகாரமும் போதும். 5 எச்.பி. மோட்டார் மணிக்கு சுமார் நாலரை யூனிட் எடுக்கும். ஓடும்போது நீர் 100 அடியில் நிற்கிறது என்றால், டிரம் 25 விநாடியில் நிரம்பினால் மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. 33 விநாடி என்றால் சராசரி. 40 விநாடி தாண்டினால் எங்கோ கோளாறு. இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், குழாயில் ஓட்டை இருக்கலாம், பலமுறை காயில் கட்டிய மோட்டாராக இருக்கலாம். கெப்பாசிட்டர் செத்துப் போயும் மாற்றாமல் இருப்பவர்கள் நிறைய. 25 விநாடிக்கும் 40 விநாடிக்கும் இடையில் ஏக்கருக்கு 400 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். மின்சாரம் இலவசம் என்பதால் அந்த இழப்பு கையைக் கடிக்காது. ஆனால் அதே வேலைக்கு மோட்டார் கூடுதலாக 80 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அது கடிக்கும்.

இரண்டாவது வழி வயலில் இருக்கிறது. நெல்லுக்கு எப்போதும் நீர் கட்டி நிற்க வேண்டியதில்லை. ஒரு அடி நீள பி.வி.சி. குழாயின் கீழ்ப் பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி வைத்தால், உள்ளே நீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு, குழாய்க்குள் நீர் மண் மட்டத்துக்கு அரை அடி கீழே போனதும் மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் கால்வாசி நீர் மிச்சமானால், 100 அடி ஆழக் கிணற்றில் ஏக்கருக்கு 250 யூனிட்டும் 12 லட்சம் லிட்டரும் மிச்சம். ஆரணியாற்றில் பாலேஸ்வரம் தடுப்பணையை ஒட்டிய கிணறுகளில் நீர்மட்டமும் நீரின் தரமும் தேறியதை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊர் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் அது.

சோலார் பம்ப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். வேளாண் பொறியியல் துறை மானியத்தில் கிடைக்கிறது, இரவு விழிப்பும் மிச்சம். ஆனால் வெயில் உள்ள வரை ஓடிக்கொண்டே இருக்கும் மோட்டாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், மீஞ்சூரின் கதை சூரிய ஒளியிலும் நடக்கும்.

கேள்வி: எங்கள் போர்வெல் 300 அடி. மோட்டாரை 200 அடியில் இறக்கியிருக்கிறோம். நிறுத்தி வைத்தால் தண்ணீர் 70 அடியில் நிற்கிறது. யூனிட் கணக்குக்கு எந்த ஆழத்தை எடுப்பது?

பதில்: மூன்றும் இல்லை. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு நீர் எந்த அளவில் நிற்கிறதோ, அதுதான் கணக்கு. கயிற்றில் சிறு கனம் கட்டி, கேபிளில் சிக்காமல் கேசிங் குழாய் வழியே இறக்கிப் பாருங்கள். அதோடு தரையிலிருந்து தொட்டிக்கு ஏறும் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். தை மாதம் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் அளந்து, தேதி போட்டு மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.